ஊர் கற்பனை, வாடிவாசல் நிஜம்

(சி.சு. செல்லப்பா – வாழ்க்கைக் குறிப்பு)



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. மறைந்த ஒரு பெரியவரைப் பற்றி எழுதித் தர வேண்டும், படிக்கிற பிள்ளைகளுக்கும் பிரயோஜனப்பட வேண்டும், பழைய ஆட்களுக்கும் போரடிக்கக் கூடாது என்று உத்தரவு. விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றியோ பென்னி குயிக்கைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். சிவில் படித்தவன் வேறு யாரை எழுதுவான்? ஆனால் நான் எடுத்துக்கொண்டது ஒரு கதை எழுதியவரை. பெயர் சி.சு. செல்லப்பா. பழைய ஆட்களில் பலருக்குப் பெயராவது தெரிந்திருக்கும். பிள்ளைகளுக்கு 'வாடிவாசல்' என்றால் சட்டென்று பிடிபடும்.

ஏன் இவர்? இரண்டு காரணம். நான் அவனியாபுரத்துக்காரன். தை முதல் தேதி எங்க ஊரில்தான் முதல் ஜல்லிக்கட்டு. மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். வாடிவாசலை வைத்து ஒரு நாவல் எழுதியவரை எங்க ஊர்க்காரன் மறக்கக் கூடாது. இரண்டாவது காரணம் கொஞ்சம் வெட்கக்கேடானது. அதை முதலில் சொல்லிவிட்டு அவர் கதைக்குப் போகிறேன்.

நான் செய்த கூத்து

மூணாவது வருஷம் படிக்கும்போது ஹாஸ்டலில் நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஜெராக்ஸ் எடுத்து ஐந்து ரூபாய்க்கு விற்போம். மெஸ் பாக்கி வைத்தவன்கூட அதை வாங்கிப் படித்தான். அதில் நான் ஒரு தொடர்கதை ஆரம்பித்தேன். அவனியாபுரம்தான் களம். தெருப் பெயர், கண்மாய்க் கரை, டீக்கடை, கோயில் எல்லாம் உள்ளது உள்ளபடி. நிஜம் எழுதினால்தான் எழுத்து என்று அப்போது ஒரு எண்ணம். காளை வளர்க்கிற ஒரு குடும்பம், அண்ணன் தம்பிக்குள் தகராறு, காளையை விற்றது யார், ஏன் விற்றார் என்று கதை போகும். விற்ற காரணம் மட்டும் நானாகக் கட்டியது. சீட்டாட்டக் கடன் என்று எழுதி வைத்தேன்.

பத்திரிகை எப்படியோ ஊருக்குள் போய்விட்டது. எங்கள் சொந்தத்திலேயே ஒரு பெரியப்பா, காளையை விற்றவர். தெருவும் சரி, வீட்டு வாசல் வேப்பமரமும் சரி, காளையின் நிறமும் சரி. அப்புறம் சீட்டாட்டமும் சரியாகத்தான் இருக்கும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. உண்மையில் அவர் விற்றது பெரியம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு. அது எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை. இரண்டு பொங்கல் அவர் எங்கள் வீட்டு வாசல் ஏறவில்லை. அப்பா என்னைத் திட்டவில்லை. எழுதினதை மட்டும் ஒரு தடவை முழுசாகப் படித்துவிட்டு மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

தொடரை நிறுத்திவிட்டேன். அந்த சமயத்தில்தான் நம் கல்லூரி நூலகத்தில் ஒரு மெல்லிய புத்தகம் கையில் கிடைத்தது. நூறு பக்கம்கூட இல்லை. ஒரே மூச்சில் படித்தேன். மறுபடியும் படித்தேன். நான் எங்கே தப்பு பண்ணினேன் என்று அந்தப் புத்தகம் ஒரு வார்த்தை உபதேசம் இல்லாமல் எனக்குக் காட்டிவிட்டது. அதை எழுதியவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வத்தலக்குண்டுத் தண்ணி

சின்னமனூர் சுப்பிரமணியம் செல்லப்பா 1912-ம் வருஷம் செப்டம்பர் 29-ம் தேதி சின்னமனூரில் பிறந்தார். இன்று அது தேனி மாவட்டம். அன்று எல்லாம் ஒரே மதுரை ஜில்லா. வளர்ந்தது வத்தலக்குண்டில்.

அந்த ஊரின் தண்ணியில் என்ன இருக்கிறதோ தெரியவில்லை. தமிழில் நாவல் என்ற சரக்கு வந்த புதிதில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜம் ஐயர் அந்த ஊர்க்காரர். 1872-ல் பிறந்து 1898-ல், இருபத்தாறே வயதில் போய்ச் சேர்ந்தவர். 'மணிக்கொடி' பத்திரிகையைச் சிறுகதைக்கென்றே நடத்திய பி.எஸ். ராமையாவும் அதே ஊர். மூன்றாவது ஆள் நம் செல்லப்பா.

ராஜம் ஐயரை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய நாவல் 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் தொடராக வந்தது. கதை நடக்கிற கிராமம் சிறுகுளம். மதுரை ஜில்லாவில் இருப்பதாக அவர் சொல்லும் அந்த ஊர் அவர் மனசில் கட்டிய ஊர். ஆனால் கதை மதுரைக்கும் போகும், சிதம்பரத்துக்கும் போகும். அதெல்லாம் நிஜ ஊர். ஆக, கற்பனை ஊரில் குடியிருந்துகொண்டு நிஜ ஊருக்கு வண்டி கட்டிப் போகிற பழக்கம் தமிழ் நாவலுக்குத் தொட்டிலிலேயே வந்துவிட்டது. அதே வத்தலக்குண்டில் பின்னால் வளர்ந்த பையனுக்கு இது காற்றோடு கலந்து கிடைத்திருக்கும் என்பது என் ஊகம்.

கதரும் சிறையும்

செல்லப்பா கல்லூரிப் படிப்பு படித்தது நம்ம மதுரையில். அது காந்தியின் காலம். வகுப்பறைக்குள் இருந்ததைவிட வெளியில் நடந்ததுதான் அந்தத் தலைமுறைக்குப் பெரிய பாடம். செல்லப்பா கதர் கட்டினார். கடைசிவரை காந்தியவாதியாகவே இருந்தார். 1941-ல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு ஜெயிலுக்கும் போனார்.

எழுத்து அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1934-ல் 'சுதந்திரச் சங்கு' பத்திரிகையில் அவருடைய முதல் கதை வந்தது. பிறகு 'மணிக்கொடி'யில் எழுதினார். 'ஸரஸாவின் பொம்மை' அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கதை. புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி என்று பெரிய பெரிய ஆட்கள் எழுதிய இடம் அது. அந்தப் பந்தியில் இவருக்கும் ஒரு இலை போட்டார்கள்.

பிறகு சென்னை வாசம். திருவல்லிக்கேணி, பிள்ளையார் கோயில் தெரு. 'தினமணி கதிர்' பத்திரிகையில் சில வருஷம் வேலை. அப்புறம் மாதச் சம்பளம் என்பதே இல்லாத வாழ்க்கை. பொம்மை செய்து விற்றுச் சாப்பிட்ட காலமும் அவருக்கு உண்டு. இன்ஜினீயரிங் முடித்துவிட்டு முதல் மாதச் சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போனால் நாம் எப்படித் துடித்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு சாயங்காலத்துக் கதை

1959. அந்த வருஷம் செல்லப்பா இரண்டு காரியம் செய்தார். ஜனவரியில் 'எழுத்து' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். 'வாடிவாசல்' நாவலைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிச்சி என்று ஒரு இளவட்டம். கூட வருகிறவன் மருதன். செல்லாயி ஜல்லிக்கட்டுக்கு வந்திருக்கிறார்கள். பிச்சியின் அப்பா அம்புலி பேர்பெற்ற மாடுபிடிக்காரர். அவரைக் குத்திக் கொன்ற காளை காரி. அந்தக் காரி இன்று ஜமீன்தாரின் காளையாக வாடிவாசலுக்கு வருகிறது. மகன் அதை அணைந்தானா, இல்லையா? கதை மொத்தமும் ஒரு மத்தியானம் தொடங்கி பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். முடிவை நான் சொல்ல மாட்டேன். ஜமீன்தார் கடைசியில் செய்கிற ஒரு காரியம் உங்களை இரண்டு நாள் தூங்க விடாது. அவ்வளவுதான் சொல்வேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கதையில் வருகிற ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். பெரியபட்டி. உசிலனூர். வாடிபுரம். மதுரை மண்ணில் பிறந்த எவனுக்கும் இந்தப் பெயர்கள் உறுத்தாது. உசிலனூர் என்றதும் உசிலம்பட்டி ஞாபகம் வரும். வாடிபுரம் என்றதும் வாடிப்பட்டி ஞாபகம் வரும். பெரியபட்டி என்றால் பஸ் ஏறி எங்கேயாவது இறங்கினால் ஒரு பெரியபட்டி இருக்கும் என்றே தோன்றும். காதுக்கு உள்ளூர்ப் பெயர். ஆனால் இந்த ஊர், இந்தக் குடும்பம் என்று விரல் நீட்டிக் காட்ட முடியாது.

நான் என் கதையில் அவனியாபுரம் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அவர் ஒரு நிஜ ஊரையும் வாசலில் நிறுத்தவில்லை. அவர் கதையை எங்க ஊர்ப் பெருசுகள் இன்றைக்கும் இது நம்ம ஊரை வைத்து எழுதினதுதான் என்கிறார்கள். பாலமேட்டுக்காரனும் அதையே சொல்வான். அலங்காநல்லூர்க்காரனைக் கேட்கவே வேண்டாம். ஒரு ஊரின் பெயரை எழுதியிருந்தால் அந்த ஊருக்கு மட்டும் சொந்தமாகியிருக்கும். மற்ற ஊர்க்காரன் குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்திருப்பான்.

எதை மாற்றவில்லை?

இதுதான் முக்கியம். ஊரைக் கற்பனை செய்தவர் வாடிவாசலைக் கற்பனை செய்யவில்லை.

ஜல்லிக்கட்டு பார்த்தவர்களுக்குத் தெரியும். வாடிவாசல் என்பது ஒரு காளை மட்டும் வரக்கூடிய குறுகிய வழி. உள்ளே மூக்கணாங்கயிறு கழன்றதும் காளை ஒரு நொடி நிற்கும், அல்லது நிற்காமல் பாயும். அந்த ஒரு நொடியில்தான் எல்லாம். வாசலின் ஓரத்தில் ஒட்டி நிற்கிறவனுக்கு ஒரு கணக்கு, எதிரே நிற்கிறவனுக்கு வேறு கணக்கு. திமிலைப் பிடிக்கிற கை எது, கொம்பு எந்தப் பக்கம் திரும்பும், காளை துள்ளும்போது கால் எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கை மாறி வந்த பாடம். எங்க பக்கம் மாட்டை அடக்குவது என்று சொல்ல மாட்டார்கள். அணைவது என்பார்கள். செல்லப்பாவுக்கு இந்த வார்த்தை தெரியும். அணைகிறவன் உடம்பு தெரியும். காத்திருக்கிற கூட்டத்தின் வாய்ப்பேச்சு தெரியும். கதையில் ஒரு கிழவன் வந்து உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு காளையைப் பற்றியும் பேசிக்கொண்டே இருப்பான். அந்த மாதிரிக் கிழவர் இல்லாத வாடிவாசல் தமிழ்நாட்டில் கிடையாது. எங்க தாத்தாவே அப்படி ஒருத்தர்தான்.

பேச்சும் அப்படியே மதுரைப் பக்கத்துப் பேச்சு. அக்ரகாரத்தில் வளர்ந்த ஒருவர், மாடு அணைகிற ஆட்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு, அதைத் திருத்தாமல் காகிதத்தில் இறக்கியிருக்கிறார். 1959-ல் இது சின்னக் காரியம் இல்லை.

ஆக, அவருடைய கணக்கை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். ஒரு மாடுபிடிக்காரன் படித்துவிட்டுத் தப்பு என்று சொல்லக்கூடிய எதையும் அவர் கற்பனை செய்யவில்லை. ஒரு குடும்பம் படித்துவிட்டு மனசு ஒடிந்துபோகக்கூடிய எதையும் அவர் நிஜப் பெயரில் எழுதவில்லை. தொழில் நிஜம், உடம்பு நிஜம், பேச்சு நிஜம், பயம் நிஜம். ஊரும் ஆளும் கற்பனை.

ஜமீன்தார் விஷயத்தையே பாருங்கள். மதுரையைச் சுற்றி ஜமீன்கள் ஒன்றா இரண்டா? ஏதாவது ஒரு நிஜ ஜமீனின் பெயரைப் போட்டிருந்தால் கதை அந்தக் குடும்பத்தின் மேல் போட்ட வழக்காக மாறியிருக்கும். அது நடந்ததா, எந்த வருஷம், சாட்சி யார் என்றுதான் பேச்சு போகும். பெயர் கற்பனையானதால் பேச்சு வேறு இடத்துக்குப் போகிறது. கௌரவம் என்ற ஒன்றுக்காக மனுஷன் எதுவரைக்கும் போவான் என்ற கேள்வி மிஞ்சுகிறது.

நான் செய்தது இதற்கு நேர் தலைகீழ். வேப்பமரம் வரைக்கும் நிஜம், மனுஷனின் காரணம் மட்டும் பொய். மரத்தைப் பார்த்து நம்பினவர்கள் பொய்யையும் நம்பினார்கள்.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்?

இது ஒன்றும் நம்ம ஊரில் மட்டும் நடந்த விஷயம் அல்ல. இங்கிலாந்தில் தாமஸ் ஹார்டி தன் பக்கத்து ஜில்லாக்களையெல்லாம் சேர்த்து வெஸ்ஸெக்ஸ் என்று பழைய பெயர் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். டார்செஸ்டர் என்ற நிஜ நகரம் அவர் நாவலில் காஸ்டர்பிரிட்ஜ் ஆனது. நம் ஆர்.கே. நாராயண் 1935-ல் வெளிவந்த 'சுவாமியும் நண்பர்களும்' நாவலில் மால்குடியைக் கட்டினார். அதற்கு சரயு என்று ஒரு ஆறு, மெம்பி என்று ஒரு மலை. அந்த ஊரிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகலாம். ரயில் நிஜம், சென்னை நிஜம், ஏறுகிற ஸ்டேஷன் மட்டும் கற்பனை.

கல்கி எடுத்தது இன்னொரு வழி. 'பொன்னியின் செல்வன்' 1950-ல் தொடங்கி 1954 வரை தொடராக வந்தது. வீராணம் ஏரிக்கரையில் கதை தொடங்கும். ஏரி நிஜம். வந்தியத்தேவன் பெயர் சரித்திரத்தில் உண்டு. படகு ஓட்டுகிற பூங்குழலி கற்பனை. சரித்திரத்தில் இடைவெளி இருந்த இடத்தில் கற்பனையை வைத்துப் பூசினார் என்று நம்ம பாஷையில் சொல்லலாம்.

நம்ம பாஷை என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தார்களே, 1:2:4 என்று. ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி. எந்த வேலைக்கு எந்தக் கலவை என்பது வேறு வேறு. ஆனால் சிமென்ட் போட வேண்டிய இடத்தில் மணலைப் போட்டால் எந்த விகிதமும் நிற்காது. நாவலில் சிமென்ட் எது, மணல் எது என்று செல்லப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

மூட்டையோடு வந்தவர்

'எழுத்து' பத்திரிகையைப் பற்றிச் சொல்லாமல் அவர் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. 1959 முதல் 1970 வரை மொத்தம் 119 இதழ்கள். கதைப் பத்திரிகைகள் லட்சக்கணக்கில் விற்ற காலத்தில், விமரிசனத்துக்கென்று ஒரு பத்திரிகை. விளம்பரம் இல்லை, நடிகை படம் இல்லை, ஜோக் இல்லை. சொந்தக் காசைப் போட்டு நடத்தினார். புதுக்கவிதை என்ற ஒன்று தமிழில் காலூன்றியது அந்தப் பக்கங்களில்தான். 1962-ல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்து 'புதுக்குரல்கள்' என்று புத்தகம் போட்டார். வெங்கட் சாமிநாதன், பிரமிள், சி. மணி, வைத்தீஸ்வரன் என்று பின்னால் பெரிய பெயர் எடுத்தவர்கள் எழுதிப் பழகிய இடம் அது. அதே 1962-ல் அவருடைய 'ஜீவனாம்சம்' நாவலும் புத்தகமாக வந்தது. வாடிவாசலின் இரைச்சலுக்கு நேர் எதிராக, ஒரு பெண் தன் மனசுக்குள்ளேயே நடத்துகிற கதை.

அவர் போட்ட புத்தகங்களைக் கடைக்காரர்கள் வாங்கவில்லை. அதனால் அவரே மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். முக்கியமாகக் கல்லூரிகளுக்கு. தமிழ்த்துறை வாசலில் கதர் வேட்டியோடு ஒரு மனுஷன் புத்தக மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருப்பார். சில இடத்தில் வாங்குவார்கள். சில இடத்தில் வாங்க மாட்டார்கள். மறுபடி மூட்டையைத் தூக்குவார். ஒரு கல்லூரி மலரில் அவரைப் பற்றி எழுதுவது இந்த ஒரு காரணத்துக்காகவே பொருத்தம் என்று நினைக்கிறேன். நம்மைப் போன்ற மாணவர்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் அவர் அந்த மூட்டையைத் தூக்கினார்.

பரிசு, விருது என்று தேடி வந்தபோது பலவற்றை வேண்டாம் என்று சொன்னார். பிடிவாதக்காரர் என்று பெயர் வாங்கினார். பழகுவதற்குச் சுலபமான மனுஷர் இல்லை என்றும் சொல்வார்கள். கருத்து வேறுபட்டால் நண்பர் என்றுகூடப் பார்க்க மாட்டார், எழுத்தில் சண்டை போட்டுவிடுவார். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசிக் கலவை

வயசான காலத்தில் அவர் எடுத்த வேலைதான் பெரிய வேலை. 'சுதந்திர தாகம்' என்று மூன்று பாகத்தில் ஒரு நாவல். 1997-ல் வெளிவந்தது. அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயது.

இதில் கலவை விகிதத்தை அப்படியே மாற்றிப் போட்டார். களம் 1927 தொடங்கிச் சில வருஷங்கள் நடந்த சுதந்திரப் போராட்டம். நம்ம மதுரை வட்டாரம். போராட்டங்களும் தலைவர்களும் நிஜம். அவற்றினூடே நடந்து போகிற இளைஞர்கள் நாவலாசிரியர் படைத்தவர்கள். வாடிவாசலில் ஊரை மறைத்தவர், இங்கே ஊரையும் வருஷத்தையும் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

ஏன் இந்த மாற்றம்? நான் யோசித்துப் பார்த்தேன். ஜல்லிக்கட்டு வருஷா வருஷம் நடப்பது. இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம், இந்த ஊர் இல்லாவிட்டால் பக்கத்து ஊர். அதனால் அதற்குத் தேதியும் பெயரும் அவசியமில்லை. உப்புச் சத்தியாக்கிரகம் 1930-ல் ஒரே ஒரு தடவைதான் நடந்தது. அதன் வருஷத்தை மாற்றினால் அதில் அடிபட்டவனுக்கும் ஜெயிலுக்குப் போனவனுக்கும் செய்கிற துரோகம். அங்கே நிஜத்தைத் தொடக் கூடாது. இங்கே தொடலாம். எங்கே தொடலாம், எங்கே தொடக் கூடாது என்று பார்த்து வைப்பதுதான் நாவலாசிரியனின் வேலை என்று அவருடைய இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிகிறது.

1998-ம் வருஷம் டிசம்பர் 18-ம் தேதி சென்னையில் செல்லப்பா காலமானார். 2001-ல் 'சுதந்திர தாக'த்துக்கு சாகித்ய அகாதமி விருது கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள அவர் இல்லை. இருந்திருந்தால் வாங்கியிருப்பாரா என்பதும் கேள்விதான்.

வாடிவாசல் இன்று

அவர் போன பிறகு ஜல்லிக்கட்டு என்னென்னவோ பார்த்துவிட்டது. 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் மதுரையிலும் பிள்ளைகள் திரண்டு உட்கார்ந்தது உங்களுக்கே தெரியும். நம்மில் பலர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போனோம். அந்த வருஷமே தமிழ்நாட்டு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு சொன்னது.

எங்க அவனியாபுரமும் மாறிவிட்டது. தனி நகராட்சியாக இருந்தது 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. திருப்பரங்குன்றம் ரோட்டில் இப்போது கம்பித் தடுப்பு, தென்னை நார் பரப்பின களம், நம்பர் போட்ட பனியன், டாக்டர் பரிசோதனை, டி.வி. கேமரா. செல்லப்பா எழுதிய ஜமீன்தார் இல்லை. பரிசாகக் கார் கொடுக்கிறார்கள். ஆனால் வாடிவாசலில் காளை வந்து நிற்கிற அந்த ஒரு நொடி அப்படியேதான் இருக்கிறது. அவர் எந்த ஊரையும் எழுதி வைக்காததால்தான், ஊர் இவ்வளவு மாறிய பிறகும் புத்தகம் பழசாகவில்லை.

முடிவாக

இரண்டு பொங்கல் கழித்து பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாதான் போய்க் கூப்பிட்டார். நான் காலில் விழுந்தேன். அவர் அந்தக் கதையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. காப்பி குடித்துவிட்டு, அந்தக் காளை எப்படி வாடிவாசலில் நின்று விளையாடும் என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். வலது பக்கம் திரும்புகிற மாதிரி காட்டி இடது பக்கம் பாயுமாம். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு வருஷம் முன்பு அவர் காலமாகிவிட்டார்.

அந்தத் தொடர்கதையை இப்போது நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். சைட் வேலை முடிந்து ராத்திரியில் ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று நகர்கிறது. ஊருக்கு வேறு பெயர் வைத்துவிட்டேன். வேப்பமரத்தை எடுத்துவிட்டேன். காளை விற்ற காரணத்தை மட்டும் நிஜமாகவே வைத்திருக்கிறேன். பெரியம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான். இடது பக்கம் பாய்கிற காளையும் அதே காளைதான்.

இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்களில் யாராவது கதை எழுதுகிறவர்களாக இருப்பீர்கள். ஹாஸ்டலுக்கு ஒருத்தராவது இருக்காமல் இருக்காது. எழுதுங்கள். ஆனால் பக்கத்து வீட்டு வாசலை எழுதுவதற்கு முன்னால், அந்த வீட்டுக்குள்ளே என்ன நடந்தது என்று ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் வாசலை மாற்றி எழுதுங்கள்.

பழைய நண்பர்களே, இந்தச் சந்திப்புக்கு வருகிறவர்கள் நூலகத்துப் பக்கம் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். அந்த மெல்லிய புத்தகம் இன்னும் இருந்தால் நூறு பக்கத்துக்கும் குறைவுதான், அங்கேயே உட்கார்ந்து படித்துவிடலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் முடிந்துவிடும்.

அனைவரையும் நேரில் சந்திப்போம். 

– அவனியாபுரத்துக்காரன், சிவில், 2005–2009